பலகை விளிம்பில் பதினோரு மல்லாட்டை

கோதண்டராமன் தீபாவளிக்காகப் பம்பாயிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் மனைவியோடு ஒரு முழுப் பகல் சேர்ந்திருக்க அவனுக்கு வாய்க்கவில்லை. செந்தாமரை காலை எட்டு மணிக்கு டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்தால் மாலை நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அதனால் மத்தியானம் அவனே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு செஞ்சிக் கடைத்தெரு வழியாக நடந்துபோவது வழக்கமாயிற்று.

மல்லாட்டை மண்டி வைத்திருந்த கனகராஜுக்கு இது நல்ல தீனி.

"இன்னா கோதண்டம், பம்பாய்ல அந்தக் கம்ப்யூட்டருக்கும் நீதான் சோறு எடுத்துக்கினு போறியா?"

"அது சோறு துன்னாதுண்ணே. அட்டைதான் துன்னும். ஓட்ட போட்ட அட்டை."

"அதுக்கு நம்ம ஊரு மாடு தேவலாம்பா. செவுத்துல இருக்கிற போஸ்டரத் துன்னுட்டுப் பாலாவது குடுக்குது."

மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கோதண்டராமனும் சிரித்துக்கொண்டே நடந்தான்.

தபால் நிலையத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் டெலிபோன் நிலையம். 1968-இல் செஞ்சியில் மொத்தம் முப்பத்தெட்டு டெலிபோன்கள். போர்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, துளைக்கு மேல் ஒரு சின்னப் பித்தளை மூடி. கடையில் ஒருவர் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய மூடி 'டக்' என்று விழும். செந்தாமரை ஒரு கயிற்றின் முனையை அந்தத் துளையில் செருகி, "நம்பர்?" என்பாள். உள்ளூர் என்றால் கயிற்றின் மறுமுனையை இன்னொரு துளையில் செருகிவிட்டால் தீர்ந்தது. கண் இமைக்கும் நேரம்.

வெளியூர் என்றால்தான் சங்கடம். செஞ்சியிலிருந்து வெளியே போக ஒரே ஒரு லைன். அது திண்டிவனம் போகும். மெட்ராஸ், பாண்டிச்சேரி, விழுப்புரம் எல்லாம் அங்கிருந்துதான். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பைச் செந்தாமரை ஒரு தனி விதமாகக் கையாண்டாள். போர்டின் அடியில் கைவைக்க ஒரு மரப் பலகை நீண்டிருக்கும். யாராவது வெளியூர் கேட்டால், "லைன் பிசியா இருக்குதுண்ணே, நீங்க வியாபாரத்தப் பாருங்க, கெடச்சதும் நானே கூப்புடறேன்" என்பாள். பிறகு தூக்குக்குப் பக்கத்திலிருக்கும் பொட்டலத்திலிருந்து வறுத்த மல்லாட்டை ஒன்றை எடுப்பாள். மற்ற ஊர்க்காரர்கள் அதை வேர்க்கடலை என்பார்கள். அதன் ஓட்டின் மேல் பென்சிலால் அவருடைய நம்பரை எழுதிப் பலகையின் விளிம்பில் வரிசையாக வைப்பாள். லைன் ஒழிந்ததும் இடது பக்கத்து முதல் மல்லாட்டைக்கு உரியவரைக் கூப்பிட்டு இணைப்புக் கொடுப்பாள். கேட்ட நேரம், கொடுத்த நேரம், கட்டணம் குறிக்கும் சீட்டையும் அப்போதுதான் எழுதுவாள். அவர் பேசத் தொடங்கியதும் ஓட்டை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொள்வாள். ஓடு காலடியில் இருக்கும் தகர டப்பாவுக்குப் போய்விடும்.

கேட்டவுடனே சீட்டு எழுத வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் சீட்டு எழுதிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்டவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், சிங்கவரத்திலிருந்து நடந்து வந்த குஞ்சம்மாள் மெட்ராஸிலிருக்கும் மகனுக்குப் பேச ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். லைன் கிடைக்காமலே திரும்பிப் போய்விட்டாள். ரத்துக் கையெழுத்துக்காக மறுநாள் மறுபடியும் வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்றோடு செந்தாமரை முன்கூட்டிச் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டாள். லைன் கிடைப்பது உறுதியான பிறகே சீட்டு. அதுவரை மல்லாட்டை.

"திங்கக்கெழம ஆபீசர் வராரு," என்றாள் செந்தாமரை, காதுக்குழாயை ஒரு பக்கம் தள்ளிவிட்டு முதல் கவளத்தை எடுத்தபடி. "மூணு நாளு உக்காந்து எத்தன காலு வருதுன்னு எண்ணுவாராம்."

அதைத்தான் இருவரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். செந்தாமரைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. முன்பு ஒன்று தங்காமல் போயிருந்ததால் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஆறாம் மாதத்துக்கு மேல் எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காரக் கூடாது. பகலில் இன்னொரு ஆள் வந்தால் பாதி நேரம் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் இரண்டாவது லைன் வர வேண்டும். ஒரு லைன் போதாது என்று எண்ணிக்கை காட்டினால்தான் இரண்டாவது லைன் வரும். காட்டாவிட்டால் செந்தாமரை வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வந்துவிடுவாள். அவள் வரவேண்டுமென்று கோதண்டராமன் மூன்று வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். அவளோ இந்தப் போர்டை விட மனமில்லாதவள். இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: எண்ணிக்கை என்ன சொல்கிறதோ அதன்படி.

"நீங்களும் எண்ணறவருதானே," என்றாள். "உங்க மெஷின எப்படி எண்ணுவீங்க? பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காருவீங்களா?"

கோதண்டராமனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் போதும், சோறு ஆறிவிடும். பம்பாயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய கம்ப்யூட்டரில் அவனுக்கு வேலை. அதற்குள் ஒரே சமயத்தில் நாலைந்து பேருடைய கணக்குகள் இருக்கும். ஆனால் கணக்குப் போடும் மூளை ஒன்றுதான், செஞ்சியின் ஒற்றை லைனைப் போல. யாருக்கு எப்போது மூளையைக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஒரு புரோகிராம் எந்நேரமும் உள்ளேயே குடியிருக்கும். இன்று அதை இயங்குதளம் என்கிறோம். அன்று அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர்.

"அந்தச் சூப்பர்வைசர்கிட்ட ஒரு பட்டியல் இருக்கும் தாமர. ஒரு வேலைக்கு ஒரு வரி. இது இப்ப ஓடுது. இது டேப்புல இருந்து ஏதோ வரணும்னு காத்திருக்குது. இது தயாரா நிக்குது, மூளை கெடைக்கல. ஒரு வேலைய நிறுத்தி இன்னொண்ண ஓட விடறப்பல்லாம் கடிகாரத்தப் பாக்கும். எவ்ளோ நேரம் ஓடுச்சோ அத அந்த வரியில கூட்டி எழுதிக்கும்."

"அப்ப நீங்க இன்னா பண்றீங்க?"

"நான் எழுதன புரோகிராம் போயி அந்தப் பட்டியலப் படிச்சு அச்சடிக்கும். அவ்ளோதான். மெஷினத் தொறந்து பாக்கறதில்ல. சூப்பர்வைசர் எழுதி வெச்சிருக்கறதத்தான் படிக்க முடியும்."

"சதா படிச்சுக்கினே இருக்குமா?"

"இருக்கக் கூடாது. படிக்கறதுக்கும் அதே மூளைதானே வேணும்? ரொம்பப் படிச்சா வேலை நின்னுபோயிடும்."

ஒரு மூடி 'டக்'கென்று விழுந்தது. அவள் இடது கையால் கயிற்றைச் செருகினாள். "நம்பர்? … லைன் பிசிண்ணே, நானே கூப்புடறேன்." பொட்டலத்திலிருந்து ஒரு மல்லாட்டை, பென்சில், பலகை. பிறகு மறுபடியும் சோறு. ஒரு வாரமாகக் கோதண்டராமன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தவனுக்கு அது என்னவென்று அன்று உறைக்கவில்லை.

திங்கட்கிழமை கோட்ட அலுவலகத்திலிருந்து துரைராஜ் வந்தார். ஐம்பது வயது, கையில் குடை, சட்டைப்பையில் கடிகாரம். அறையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அச்சடித்த படிவத்தை மடியில் விரித்தார். அதில் கட்டங்கள்: உள்ளூர் அழைப்பு எத்தனை, வெளியூர் எத்தனை, லைன் எத்தனை நிமிடம் பேச்சில் இருந்தது, காத்திருந்தவை எத்தனை. கடைசிக் கட்டத்தைச் சீட்டு பார்த்து நிரப்ப வேண்டும். கேட்ட நேரத்துக்கும் கொடுத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் காத்திருப்பு.

மத்தியானம் கோதண்டராமன் தூக்கோடு வந்தபோது போர்டு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. விழுகிற ஒவ்வொரு மூடிக்கும் துரைராஜ், "ஏம்மா, இது இன்னா காலு?" என்று கேட்பார். செந்தாமரை காதுக்குழாயைத் தள்ளிப் பதில் சொல்வாள். அதற்குள் அடுத்த மூடி விழுந்துவிடும். பலகை விளிம்பில் இரண்டு மல்லாட்டை இருந்தன. லைன் ஒழிந்தது. இணைத்தாள், சீட்டு எழுதினாள், உடைத்து வாயில் போட்டாள்.

துரைராஜ் கோதண்டராமனிடம் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க சார். ஆனா பாருங்க, காலையில இருந்து மல்லாட்டை துன்னுக்கினே இருக்குது. துன்ன நேரம் இருக்குதுன்னா வேலை கொறைச்சல்னுதானே அர்த்தம்?"

கோதண்டராமன் படிவத்தை எட்டிப் பார்த்தான். அதுவரை லைன் பேச்சில் இருந்தது எழுபது நிமிடம். காத்திருந்தவை: இல்லை.

'இல்லை' என்ற அந்தச் சொல்லை அவன் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறான். அதை அச்சடித்தது அவனுடைய புரோகிராம். போன வருடம் பம்பாயில் ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும், "எங்கள் வேலை வரவே மூன்று நாள் ஆகிறது" என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அச்சடித்த தாளோ, மெஷினுக்குள் யாரும் பெரிதாகக் காத்திருக்கவில்லை என்றது. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் ஒரு நாள் கவுண்டரில் டீ குடிக்கும்போது கண்ணில் பட்டது. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளைத் துளையிட்டுக் கொடுத்த அட்டைக் கட்டுகள் அங்கே ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்தன. மெஷின் அவற்றை இன்னும் வாங்கவே இல்லை. வாங்காததற்குப் பட்டியலில் வரி கிடையாது. வரிசை இருந்தது, ஆனால் சூப்பர்வைசரின் கண்ணுக்கு வெளியே இருந்தது.

இங்கே அந்த அலமாரி ஒரு மரப்பலகை. அட்டைக் கட்டுகள் மல்லாட்டை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: பம்பாயில் அலமாரியை யாரும் தின்றுவிடுவதில்லை.

 

பம்பாய் மாதுங்காவில் அவனுடைய மாடி அறையில் ஜன்னலுக்கு நேராக ஒரு நாற்காலி இருந்தது. கல்யாணமான வருடம் வாங்கியது. துணி காயப்போடக்கூட அவன் அதைப் பயன்படுத்தியதில்லை. மூன்று வருடமாகக் காலியாக இருந்தது. இப்போது அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும், அடுத்த மாதம் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

நாலு மணிக்கு மறுபடியும் போய் அவளை அழைத்து வந்தான். துரைராஜ் அன்றைய கூட்டுத்தொகையைக் காட்டினார். எட்டு மணி நேரத்தில் லைன் பேச்சில் இருந்தது இரண்டரை மணி. காத்திருந்தவை: இல்லை. அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார், "இப்படியே மூணு நாளும் போச்சுன்னா, ஒரு லைனே அதிகம்னு மேல எழுதிடுவாங்கம்மா."

செந்தாமரை வீட்டில் முகம் கழுவிவிட்டு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"பம்பாயில மழ ஜாஸ்தின்னு சொல்லுவீங்களே. நூல் பொடவ காயுமா?"

"காயும். ரெண்டு நாளு ஆகும்."

"அப்ப நாலு போதும்." பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சின்னத் துணி உறையை எடுத்தாள். காதுக்குழாயின் இரும்புப் பட்டை தலையில் உரசாமலிருக்க அவளே தைத்தது. ஒன்று அழுக்கானால் மாற்ற இன்னொன்று. அதைத் தனியாக வைத்தாள். "இத அங்கேயே வெச்சுட்டு வரணும். அடுத்து வர பொண்ணுக்கு ஒதவும்."

அவள் அழுதிருந்தால் கோதண்டராமன் ஒருவேளை தாக்குப் பிடித்திருப்பான். அந்தத் துணி உறையைத் தாங்க முடியவில்லை.

"தாமர, அந்தக் கணக்கு தப்பு."

"எண்ணினது நம்ம கண்ணு முன்னாடிதானே?"

"எண்ணினது தப்பில்ல. அவரு சீட்டப் பாத்து எழுதறாரு. காத்திருக்கறது சீட்டுல இல்ல."

"அதான் மல்லாட்டை இருக்குதே."

"அத நீ துன்னுடற."

அவள் அவனையே பார்த்தாள். அவன் அலமாரிக் கதையைச் சொன்னான்; அட்டைக் கட்டுகள், அச்சடித்த தாள், டீ எல்லாவற்றையும். சூப்பர்வைசர் பொய் சொல்வதில்லை, ஆனால் தன்னிடம் கொடுத்ததைப் பற்றி மட்டும்தான் சொல்லும் என்றான். போர்டுக்குச் சூப்பர்வைசர் செந்தாமரைதான். யார் காத்திருக்கிறார் என்பது அவள் மனசிலும் பலகையிலும் இருக்கிறது. படிக்கிறவருக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

கேட்டுவிட்டு அவள் மெதுவாகப் பெட்டியை மூடினாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மத்தியானம். சோறு எடுத்துக்கினு வந்தப்ப."

"அப்பவே ஏன் சொல்லல?"

 ஜன்னலோர நாற்காலியைப் பற்றி அவளுக்குத் தெரியும். கடிதத்தில் பலமுறை எழுதியிருக்கிறான்.  அவளுடைய உதட்டோரம் லேசாக அசைந்தது.

"மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்ட காலு, சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கெடச்சிருக்குது. நாலு மணி நேரம் காத்திருப்பு. இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எழுதிக்கோ," என்றான் அவன். "என் பேர்லயே எழுதிக்கோ."

அவள் அவன் தட்டில் சோறு போட்டாள். கொஞ்சம் அதிகமாகவே போட்டாள்.

இன்னொரு புதிரும் இருந்தது. காத்திருப்பு மறைந்ததற்கு மல்லாட்டை காரணம். ஆனால் பேச்சே ஏன் குறைந்தது? ஐப்பசியில் மல்லாட்டை வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம். சாதாரண நாளில் லைன் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். செவ்வாய்க்கிழமை காலை கடைத்தெருவுக்குப் போனதும் விடை கிடைத்தது.

"நேத்து நீங்க ஒரு கால்கூடப் போடலியே, இன்னாண்ணே?" என்று கனகராஜிடம் கேட்டான்.

கனகராஜ் பெருமையோடு மார்பைத் தடவிக்கொண்டார். "எப்படிப்பா போடுவேன்? ஆபீசர் வந்து தலமாட்டுல குந்திக்கினு இருக்கறாரு. அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா இருக்குது. கடைத்தெரு பூரா சொல்லி வெச்சிருக்கறேன், மூணு நாளைக்கு யாரும் தொந்தரவு குடுக்காதீங்கன்னு. பாண்டிச்சேரி வெல கேக்க ஆள பஸ்சுல அனுப்பிட்டேன். நல்ல பேரு கெடைக்கட்டும்னுதான்."

கோதண்டராமனுக்குச் சிரிப்பதா தலையில் கைவைப்பதா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னான். கனகராஜின் முகம் விழுந்துவிட்டது.

"அடப் பாவமே. சரி வுடு. இன்னிக்கு நூறு காலு போட்டுடலாம். என் மச்சான்கிட்டச் சொல்லி திண்டிவனத்துல இருந்தும் போடச் சொல்றேன். லைனு புகையணும்."

"வேணாண்ணே. அதுவும் பொய்க்கணக்குதான். நாளைக்கு ரெண்டாவது லைன் வந்து சும்மா கெடந்தா, அவளத்தான் கேப்பாங்க. எப்பவும் எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க. ஒண்ணு கூட வேணாம், ஒண்ணு கொறையவும் வேணாம்."

"சும்மா இருக்கச் சொன்னா சுலபமா இருந்துடலாம்," என்றார் கனகராஜ் யோசனையோடு. "எப்பவும் போல இருன்னா, அது கஷ்டம்பா." என்றாலும் ஆளை விட்டுக் கடை கடையாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று செந்தாமரை கேட்டது கேட்டபடியே சீட்டு எழுதினாள். கேட்ட நேரத்தை மேலே குறித்து, கம்பியில் குத்தி வைத்தாள். பத்து மணிக்குள் கம்பியில் ஐந்து சீட்டு நின்றது. பழக்கம் விடவில்லை, பலகையில் மல்லாட்டையும் அதே எண்ணிக்கையில் நின்றது. கோதண்டராமன் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குஞ்சம்மாள், மெட்ராஸ் மகனுக்காக.

துரைராஜ் எழுந்து வந்து கம்பியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, நேத்து ஒண்ணுகூட இல்ல. இன்னிக்குக் காலையிலேயே அஞ்சு. இன்னா கதை இது? ராத்திரியோட ராத்திரியா ஊரு வளந்துடுச்சா?"

செந்தாமரை ஒளிக்கவில்லை. தான் சீட்டு எழுதாமல் விட்டதையும், குஞ்சம்மாளை அலைய வைத்த நாளையும் சொன்னாள். "விதிக்கு விரோதம்தான் சார். தப்பு என்னுதுதான்."

"சொல்றது சரி. நேத்தும் ஆளுங்க காத்திருந்தாங்கன்னு நான் எத வெச்சு நம்பறது?"

அவள் குனிந்து காலடித் தகர டப்பாவை எடுத்து நீட்டினாள். "நேத்து காலையில காலி பண்ணது சார்." துரைராஜ் ஒரு ஓட்டை எடுத்தார். பென்சிலில் பதினேழு என்று இருந்தது. இன்னொன்றில் ஆறு. டப்பாவை மேசையில் கவிழ்த்து, நம்பர் எழுதிய ஓடுகளை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தார். இன்று பேசியவர்களுடையதைக் கழித்துவிட்டால், நேற்று ஊரே ஒதுங்கியிருந்த நாளில்கூட ஒன்பது.

"இது எத்தனை பேருன்னு சொல்லுது," என்றார். "எவ்ளோ நேரம்னு சொல்லலியே."

பெஞ்சியிலிருந்த கோதண்டராமனுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. பத்து வருட அனுபவக்காரர்களே கேட்கத் தவறிய கேள்வி அது. எழுந்து உள்ளே வந்தான். "சார், ஒரு யோசனை சொல்லலாங்களா? ஒவ்வொரு காலுக்கும் 'இன்னா காலு'ன்னு கேக்க வேணாம். கேக்கறதுலயே அவங்களுக்கு வேலை தாமசமாவுது. அந்தத் தாமசமும் உங்க கணக்குல கலந்துடுது. பதிலா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தப் பாருங்க. அந்த நொடியில லைன்ல ஆளு இருக்குதா, கம்பியில எத்தன சீட்டு நிக்குது, ரெண்டையும் மட்டும் எழுதுங்க. நடுவுல எதையும் பாக்க வேணாம்."

"நடுவுல வந்துட்டுப் போறது விட்டுப்போயிடுமே?"

"ஒண்ணு ரெண்டு விட்டுப்போவும். ஆனா அரைமணி நேரம் நிக்கிற சீட்டு அஞ்சாறு தடவை கண்ணுல மாட்டும். அஞ்சு நிமிஷம் நிக்கிறது ஒரு தடவைதான் மாட்டும். நாள் பூரா பாத்துச் சராசரி போட்டா, எவ்ளோ கூட்டம் நிக்குதுன்னு அதுவே சொல்லிடும். லைன் மொத்த நேரமும் ஓடுதுன்னா அது பிசின்னு மட்டும்தான் தெரியும். போதுமா போதாதான்னு வரிசைதான் சொல்லும்."

துரைராஜ் ஸ்டூலுக்குத் திரும்பிப் போய்க் கடிகாரத்தை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டார்.

அதன்பிறகு அறையில் கேள்வி நின்றுபோயிற்று. மூடி விழும் சத்தம், கயிறு செருகும் சத்தம், "நம்பர்?" என்ற குரல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பென்சில் உரசும் சத்தம். கேள்வி நின்றதும் செந்தாமரையின் கைகள் பழைய வேகத்துக்கு வந்ததைக் கோதண்டராமன் கவனித்தான். ஒரு கை பிடுங்கும்போதே இன்னொரு கை செருகியது. இந்தக் கைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து என்ன செய்யச் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தான்.

பன்னிரண்டு மணிக்குத் துரைராஜுக்கே கோட்ட அலுவலகத்தோடு பேச வேண்டியிருந்தது. நாளை முடிக்க முடியாது, திங்கட்கிழமைக்குப் பதிலாக வியாழனையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

"ஏம்மா, எனக்கு ஒரு லைன் குடு."

"எழுதிக்கறேன் சார்." அவள் சீட்டு எழுதிக் கம்பியில் குத்தினாள். கை தானாகப் பொட்டலத்துக்குப் போயிற்று. ஒரு மல்லாட்டையை எடுத்தவள், ஆபீசருக்கு என்ன எழுதுவது என்று ஒரு நொடி தயங்கினாள். பிறகு ஓட்டின் மேல் 'து' என்று எழுதி வரிசையின் கடைசியில் வைத்தாள்.

துரைராஜ் பலகையை எண்ணினார். பதினொன்று. அவருடையது பதினொன்றாவது.

"நான் ஆபீசரும்மா," என்றார்.

"தெரியும் சார். அவசரம்னு எழுதட்டுமா? அவசரம்னா முன்னாடி போட்டுடலாம்."

அவர் வரிசையைப் பார்த்தார். வாசலில் முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாளைப் பார்த்தார். "வேணாம். வரிசையிலேயே இருக்கட்டும்."

அவருக்கு லைன் கிடைத்தபோது மணி ஒன்று ஐம்பது. தன் சீட்டில் இரண்டு நேரங்களையும் தானே சரிபார்த்தார். பேசி முடித்துவிட்டு வந்து கையை நீட்டினார். "என் மல்லாட்டை எங்க?" செந்தாமரை அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவரே உடைத்துத் தின்றார். ஓட்டைப் படிவத்தோடு சேர்த்துக் குத்திவிட்டார்.

வியாழக்கிழமை மாலை கூட்டுத்தொகை வந்தது. மூன்று நாள் சராசரியில், எட்டு மணி நேரத்தில் லைன் ஆறு மணி நாற்பது நிமிடம் பேச்சில் இருந்தது. எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக ஆறு பேர் நின்றார்கள். "சிபாரிசு எழுதிடறேன்," என்றார் துரைராஜ். "லைன் வர வருஷம்கூட ஆவும். சிபாரிசு வெச்சே ஆள் முன்னாடி வந்துடும். ஆனா இனிமே சீட்ட மொதல்லயே எழுதும்மா. ரத்துக் கையெழுத்த நான் மேல கேட்டு ஏதாச்சும் பண்றேன்." குடையை எடுத்துக்கொண்டவர் வாசலில் நின்றார். "மல்லாட்டைய விடச் சொல்லல."

சனிக்கிழமை கோதண்டராமன் தனியாகத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினான். அன்று செந்தாமரை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். ராஜகிரிக் கோட்டையின் மேல் மேகம் இறங்கியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், டிரைவர் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்," என்றான். "அப்புறம் அந்த நாற்காலியில நீ உக்காந்திருக்கறப்பல்லாம், 'காத்திருந்தவை: இல்லை'ன்னு ஒரு பொய் என் கண்ணுல பட்டுக்கினே இருக்கும்."

அவள் தலையசைத்தாள். முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வறுத்த மல்லாட்டை, இன்னும் சூடாக இருந்தது. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் போடுங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் சரி."

அவன் போட்டான். முதல் மூன்று வாரம் கிடைக்கவே இல்லை. நாலாவது வாரம் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தை பிறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆராய்ச்சி நிலையத்துப் போனிலிருந்து பதிவு செய்துவிட்டு, தான் புதிதாகத் திருத்திய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இப்போது ஒரு வரி கூடியிருந்தது. கவுண்டரில் அட்டைக்கட்டை வாங்கியதுமே அங்கிருப்பவர் வாங்கிய நேரத்தைத் துளையிட்ட ஒரு அட்டையை மேலே வைப்பார். மெஷினுக்கு வெளியே நின்ற நேரமும் தாளில் விழும். போன் அடித்தபோது மணி பன்னிரண்டரை. பம்பாய், மெட்ராஸ், திண்டிவனம் என்று மூன்று குரல்களைத் தாண்டி நாலாவதாக அவள் குரல் வந்தது, பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது போல.

"ஆள் வந்துட்டாங்க. மேல்மலையனூர்ப் பொண்ணு, அமிர்தவல்லின்னு பேரு. நேத்துல இருந்து எனக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை. வயித்துல இருக்கறது இப்பல்லாம் மூடி விழுந்தா உதைக்குது."

அவன் ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். ஒரு அழைப்புக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் அரை நிமிடம் அப்படியே போயிற்று.

"கேக்குதா?" என்றாள். "பங்குனியில லீவு சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"சொல்லிட்டேன். ரெண்டு மாசம்."

"சரி. உங்க மல்லாட்டை எட்டு மணியில இருந்து இங்கேயே நிக்குது. அமிர்தவல்லி எடுக்க வந்தா, தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"எத்தினியாவது?"

"மொதலாவது," என்றாள். ஓடு உடையும் சத்தம் அறுநூறு மைலுக்கும் அப்பால் அவன் காதில் தெளிவாகக் கேட்டது.